குடிக்காத நான் ஒயின் கற்றுக்கொண்டது

லேபிள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். மெஷின் ஓட்டுவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை நாலு ரோல் வீணாக்கினால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் எழுதப்போவது ஒயினைப் பற்றி. சிரிக்காதீர்கள். ஐந்து வேளை தொழுகிற ஆள், ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை, இவருக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களுக்குத் தோன்றும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்கெதற்கு அது தெரியவேண்டும் என்று நினைத்தேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த ஆகப்பெரிய தப்பு அந்த நினைப்பிலிருந்துதான் வந்தது.

நம் ஊரில் லேபிள் என்றால் முதலில் பட்டாசுப் பெட்டிதான். சிவப்பு, மஞ்சள், தங்கக் கலர், நடுவில் ஒரு புலியோ ராக்கெட்டோ. ஒரு ஓரத்தில் இரண்டு விரல் இடம் வெள்ளையாக இருந்தால் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நமக்குக் கை பரபரக்கும். லேபிளைச் சோதிப்பதிலும் நமக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மொட்டை மாடி வெயிலில் காயவைத்துக் கலர் மங்குகிறதா என்று பார்ப்போம். நகத்தால் சுரண்டுவோம். துணியால் தேய்ப்போம். தண்ணீரில் மட்டும் போட்டுப் பார்க்கமாட்டோம். வெடியும் தீப்பெட்டியும் செய்கிற ஊரில் ஈரம் என்றாலே எதிரி. மழை வந்தால் முதலில் பண்டலுக்குத் தார்ப்பாய், அப்புறம்தான் ஆளுக்குக் குடை. இப்படி வளர்ந்த எனக்கு, லேபிளை ஒருவன் வேண்டுமென்றே தண்ணீருக்குள் வைப்பான் என்று கனவிலும் தோன்றவில்லை.

நான் அப்போது தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். என் கையெழுத்தோடு போன தாளை வாடிக்கையாளர்கள் திரும்பப் பார்ப்பதில்லை. பாய் பார்த்துவிட்டாரா, சரி என்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு, மறைப்பானேன்.

அப்போதுதான் கம்பம் பக்கமிருந்து ஒரு ஒயின் கம்பெனி ஆர்டர் வந்தது. சொந்தத் தோட்டத்துத் திராட்சை, சின்னக் கம்பெனி, முதல்முறையாகச் சொந்தப் பெயரில் பாட்டில் போடுகிறார்கள். மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் அறிமுக விழா. ஒயின் செய்வதைப் பொறுப்பாகப் பார்த்தவர் ஒரு பெண், அந்தப் பக்கத்துக்காரர்தான், வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தவர். பிரஸ்ஸில் எல்லாரும் அவரை ஒயின் மேடம் என்றே சொன்னோம்.

அவர் அனுப்பிய டிசைனைப் பார்த்து முதலாளி கன்னத்தில் கைவைத்துவிட்டார். சொரசொரப்பான வெளிர்நிறக் காகிதம், ஒற்றைக் கோட்டில் ஒரு திராட்சை இலை, கீழே பொடி எழுத்தில் பெயர், அவ்வளவுதான். முக்கால்வாசி இடம் சும்மா கிடந்தது. ஓரத்தில் ஒரு தங்க பார்டராவது போட்டுக்கொடுப்போமா என்று கேட்டுப் பார்த்தோம். ஒயின் மேடம் போனிலேயே சிரித்து, வேண்டாம் என்றுவிட்டார்.

டிசைனோடு ஒரு அப்ரூவல் தாளும் வந்தது. என்னென்ன சோதனை செய்தோம் என்று கட்டம் கட்டமாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு வரி, ஐஸ் தண்ணீர்ச் சோதனை. பாட்டிலில் ஒட்டி இத்தனை மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கவேண்டும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. ஃப்ரிட்ஜில் வைப்பார்கள் போல, அதைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு போன் போட்டு, மேடம், இது எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. ஒயினைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் பாய்க்கு இதில் என்ன ஆசை என்று யாராவது கேலி செய்வார்களோ என்று ஒரு கூச்சம். சரக்கு அவர்களுடையது, காகிதம்தான் நம்முடையது என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. தீபாவளி சீசன், எல்லா மெஷினிலும் பட்டாசு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கட்டத்துக்கும் வரிசையாக டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் முத்துமாரியைச் சொல்லவேண்டும். தாயில்பட்டிக்காரர். பத்து வருடத்துக்கு மேல் ஃபயர் ஆபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், கந்தகம் சலிக்கிற அறையில் வேலை செய்தவர். பிள்ளைகள் பெரிதாகி, அம்மா அந்த வேலைக்குப் போகாதே என்று பிடிவாதம் பிடித்ததால் அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அச்சான ரோலைப் பிரித்துப் பார்த்துச் சுற்றுகிற வேலை. அதிகம் பேசமாட்டார்.

ஒயின் லேபிள் ரோலைச் சுற்றும்போது அவர் என் மேஜைக்கு ஒரு துண்டோடு வந்தார். கை கழுவிவிட்டு வந்து தொட்டாராம், ஈர விரல் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

“பாய், இந்தப் பேப்பரு தண்ணியக் குடிக்குது. ஒருக்காப் பாருங்க” என்றார்.

நான் பார்க்கவே இல்லை. தண்ணியெல்லாம் பாட்டிலுக்கு உள்ளேதான் இருக்கும், வெளியே இருக்காது, வேலையைப் பாருங்கம்மா என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று எனக்கும் ஒரு சிரிப்பு. அவர் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

லேபிள் எல்லாம் அச்சாகி முதல் லோடு கிளம்பத் தயாராக இருந்தபோது ஒயின் மேடம் நேரில் வந்தார். விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. கையோடு இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். எங்கள் லேபிளை அவரே ஒட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு வாளியும் ஐஸும் கிடைக்குமா என்று கேட்டார். சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொன்னேன், அவருக்குக் குடிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு. அவர் வாளியில் ஐஸைக் கொட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, இரண்டு பாட்டிலையும் கழுத்துவரை உள்ளே இறக்கினார்.

அரை மணி நேரம் முதலாளி அறையில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் ஒரு பாட்டிலை எடுத்து, ஹோட்டலில் செய்வது போல ஒரு துணியால் துடைத்தார். லேபிள் துணியோடு வந்துவிட்டது. மற்ற பாட்டிலில் லேபிள் இருந்தது, ஆனால் சாம்பல் பூத்து, சுருங்கி, பின்னாலிருக்கும் கண்ணாடி தெரிந்தது. வரைந்த இலை இருந்த இடத்தில் அழுக்குக் கறை மாதிரி ஏதோ ஒன்று. அவர் என் அப்ரூவல் தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

முதலாளி என்னை வெளியே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனவர். அவருக்கு அப்போது கம்பெனியின் பெயரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

“பாய், ஆர்டர் போனாப் போகட்டும், உங்க கையெழுத்து பொய்யின்னு ஆயிறக் கூடாது. சோதிச்ச ரோலு மாறிப்போச்சுன்னு சொல்லிருவோம். சுத்துன பொண்ணு புதுசுதான? கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும், அப்புறம் வேற எங்கனயாவது பாத்துக்கலாம்.”

இங்கே நீங்கள் நின்று கவனிக்கவேண்டும். நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அந்த நடைபாதையில் என் மனசு அம்புட்டு வேகமாகக் கணக்குப் போட்டது. என் கையெழுத்துக்கு இத்தனை வருட மரியாதை. அந்தப் பெண்ணுக்கோ ஆறு மாத வேலை. போனால் தாயில்பட்டியில் எந்த ஃபயர் ஆபீசும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். அப்படி நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. எந்த வேலைக்குப் போகாதே என்று அவர் பிள்ளைகள் அழுதார்களோ, அந்த வேலைக்கே நான் அவரைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறேன். அதுவும், தண்ணி குடிக்கிறது என்று எனக்கு முன்கூட்டியே சொன்ன ஒரே ஆளை.

அறைக்குள் போனதும் முதலாளி ஆரம்பித்தார், எங்க பொண்ணு ஒண்ணு ரோலை மாத்தி என்று. நான் குறுக்கே பேசினேன். முதலாளி பேசும்போது நான் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை.

“இல்ல மேடம். ரோல் சரியாத்தான் போச்சு. இந்தச் சோதனைய நான் பாக்கவே இல்ல. பாக்காமலே டிக் அடிச்சிட்டேன்.”

ஒயின் மேடம் என்னைப் பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல. அவர் பாராட்டவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். பாட்டிலை ஐஸ் தண்ணீருக்குள் வைப்பார்கள் என்று தெரியாது, கேட்கக் கூச்சமாக இருந்தது, நான் இதைத் தொடாத ஆள் என்று சொன்னேன். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒயின் மேடம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வேறு பிரஸ்ஸுக்குப் போக இனி நேரமில்லை, திரும்ப அடித்துத்தான் ஆகவேண்டும், ஆனால் தெரியாமல் அடிக்கக் கூடாது என்றார். நாளைக்கே கம்பத்துக்கு வாருங்கள், ஒரு நாள் இருந்து பாருங்கள் என்றார். ரோலைக் கையால் தொட்டுப் பார்க்கிற ஆள் யாரோ அவரையும் கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் கம்பெனி வண்டியில் நானும் முத்துமாரியும் போனோம். நடந்ததெல்லாம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. தேனி தாண்டியதும் தோட்டம் தோட்டமாகத் திராட்சைப் பந்தல் வந்தபோது, நம்ம பக்கம் இம்புட்டுத் தண்ணி இருந்தா எப்புடி இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அங்கே ஒரு நீள மேஜையில் ஐந்து கிளாஸில் ஒயின் ஊற்றி வைத்திருந்தார்கள். நான் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் எது என்று கேட்டு வைத்துக்கொண்டேன், எழுந்து போக ஒரு சாக்காக. ஒயின் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. குடிக்கவே வேண்டாம், நானே நாளெல்லாம் வாயில் வைத்துத் துப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், புதிதாக வருகிறவர் முதலில் கண்ணாலும் மூக்காலும் கற்றுக்கொண்டால் போதும் என்றார். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்து நிறத்தைப் பார்க்கச் சொன்னார். மெதுவாகச் சுழற்றிவிட்டு முகரச் சொன்னார். பெயர் எதுவும் தெரிய வேண்டாம், உங்களுக்கு எது ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்லுங்கள், தப்பே கிடையாது என்றார்.

முதல் கிளாஸ் வெள்ளை ஒயின். எனக்கு எலுமிச்சம்பழத் தோல் ஞாபகம் வந்தது. சொன்னேன். சரி என்றார். பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு. வெள்ளையை நன்றாகக் குளிரவைத்துத்தான் பரிமாறுவார்கள், அதுவும் மேஜை ஓரத்தில் ஐஸும் தண்ணீருமாக வாளியில் நிற்கும், ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் துணியால் துடைப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சிவப்புக்கு அத்தனை குளிர் கூடாது. ஊற்றும்போது பாட்டில் வாயிலிருந்து ஒரு சொட்டு வழிந்து லேபிளில் இறங்கும், அது கறை படாமல் இருக்கவேண்டும். லேபிளில் போடும் வருடம் பாட்டில் அடைத்த வருடம் இல்லை, திராட்சை பறித்த வருடம். நான் நோட்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனேன். ஒவ்வொன்றும் என் வேலையைப் பற்றியதாகவே இருந்தது. காகிதம்தான் நம்முடையது என்று நினைத்த என் சமாதானம் அங்கேயே செத்துப்போனது.

முத்துமாரி எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு கிளாஸாக முகர்ந்து வைத்துக்கொண்டே வந்தவர், நாலாவது கிளாஸை முகர்ந்ததும் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

“இதுல தீக்குச்சி உரசுன வாடை வருது மேடம். கந்தகம் கூடிப்போச்சு.”

அங்கே வேலை செய்த இரண்டு பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெடிக்கட்டுக்காரர்களுக்கு எதை மோந்தாலும் வெடி வாசம்தானே என்று ஒருவன் முணுமுணுத்தான். ஒயின் மேடம் வாங்கி முகர்ந்தார். அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றார். மறுபடி சுழற்றி முகர்ந்தார். முகம் மாறியது. கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே ஆய்வு அறைக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு அப்போது தெரியாத ஒன்றை அவர் திரும்பி வந்து சொன்னார். ஒயின் கெடாமல் இருக்கக் கந்தகத்திலிருந்து வருகிற ஒன்றைத் துளியளவு சேர்ப்பார்களாம். உலகம் முழுக்க அப்படித்தானாம். அளவு கூடினால் தீக்குச்சி வாடை வரும். நாலாவது கிளாஸ் வந்த தொட்டியில் அன்றைக்கு அளவு கூடியிருந்தது. மறுநாள் அந்தத் தொட்டியைத்தான் பாட்டிலில் அடைப்பதாக இருந்தார்கள், விழாவுக்காக. தொட்டியில் இருக்கும்வரை காற்றுப்பட விட்டும் வேறு தொட்டியோடு கலந்தும் சரிசெய்துவிடலாம். கார்க் போட்டு அடைத்திருந்தால் விழாவுக்கு வரும் பெரிய மனிதர்கள் முன்னால்தான் அந்த வாடை தெரிந்திருக்கும்.

எத்தனை வருடம் படித்தால் இந்த மூக்கு வரும் தெரியுமா என்று ஒயின் மேடம் அந்தப் பையன்களைக் கேட்டார். பிறகு முத்துமாரியிடம் திரும்பி, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றார். கந்தகம் சலிச்சேன் மேடம், வாடை மாறுனா அன்னைக்கு வெடிமருந்து சரியில்லைன்னு அர்த்தம், தெரியலைன்னா உசிரு போயிரும் என்று சாதாரணமாகச் சொன்னார் முத்துமாரி. எங்கள் தாயில்பட்டிக்காரி, எங்கள் பிரஸ்ஸில் வேலை செய்கிறவர் என்று அந்த மேஜையில் ஏறி நின்று சொல்லவேண்டும் போல இருந்தது. அந்தப் பெருமையை நான் இன்றுவரை குறைத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் முதலாளி சீசன் வேலையில் ஒரு மெஷினை நிறுத்தி எங்களுக்குக் கொடுத்தார். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார். ஈரத்தைத் தாங்குகிற காகிதமும் குளிரில் விடாத பசையும் பம்பாயிலிருந்து வந்தன. நானும் முத்துமாரியும் ஒரு முழு ஷிப்ட் பாட்டிலை ஐஸ் வாளியில் ஊறவைத்தோம். எடுத்துத் துடைத்தோம், நகத்தால் சுரண்டினோம், மறுபடி ஊறவைத்தோம். இலை அசையவில்லை. மதுரை விழாவில் ஒரு பாட்டில்கூட முகம் சுளிக்கவைக்கவில்லை என்று ஒயின் மேடம் அன்றைக்கே போன் செய்தார். அடுத்த வருட வேலை முழுவதும் உங்களுக்குத்தான் என்றார்.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தார். அன்றைக்கு பாய் உண்மையைச் சொல்லவில்லை என்றால் நம் கம்பெனி பெயர் என்ன ஆகியிருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். நான் கூச்சப்படுகிற மாதிரி தலையைக் குனிந்து நன்றாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். அப்போது முத்துமாரி குரலை உயர்த்தாமல் பேசினார்.

“பாய் சொன்னது பெரிய விசயந்தான் முதலாளி. அதையே நான் வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா? பேப்பரு தண்ணி குடிக்குதுன்னு நாந்தான் முதல்ல சொன்னேன்.”

கைதட்டல் நின்றுபோனது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் நம்பலையே முதலாளி, சிரிச்சுல்ல அனுப்பிட்டேன் என்றேன். அவர் கையிலிருந்த இனிப்புத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இப்ப என்னம்மா செய்யணும் என்று முத்துமாரியைக் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“நான் வேண்டாமுன்னு சொன்னா மெஷின் நிக்கணும். யாரு கையெழுத்துப் போட்டிருந்தாலும்.”

முதலாளி தட்டை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, சரி, நிக்கும் என்றார். மறுநாளே அவரை என் பிரிவுக்கு மாற்றினார்.

நீங்கள் இப்போது யாரிடம் வேலை கற்றுக்கொள்கிறீர்களோ அந்த அம்மாதான் அவர். உங்களில் யாரிடமும் இதைச் சொல்லியிருக்கமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். அவர் முதன்முதலாக மெஷினை நிறுத்தியது அந்த மாதமே. நான் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய வேலை அது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் ரோலைப் பிரித்துப் பார்த்தேன். அவர் நிறுத்தியது சரிதான்.